மறதிக்கு ஓமோன் குளிசை போடலாமா?

கேள்வி: எனக்கு 67 வயது. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். கிழமைக்கு இரண்டு தரம் பானை அடிப்பிடிக்கிறது. "பெண் ஓமோனான ஈஸ்ட்ரோஜன் குளிசை மூளை துருப்பிடிக்காமல் காக்கும்" என்று கனடாவில் இருக்கும் மச்சாள் சொல்கிறா. போடலாமா? – வாசகி, கிளிநொச்சி

பதில்: போட வேண்டாம் அம்மா. மச்சாள் சொன்னது ஆய்வுகூட மட்டில் சரி. உடல் நிறையில் மூளை 2 சதவீதந்தான். ஒட்சிசனிலோ ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. அந்த எரிப்பில் உண்டாகும் சுயாதீன மூலிகங்கள் என்ற தாக்கும் துணிக்கைகள், கலத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு நிறைந்த மென்சவ்வைத் துருப்போல அரிக்கும். ஈஸ்ட்ரோஜன் இந்த அரிப்பைக் குறைப்பது கலங்களிலும் எலிகளிலும் தெரிந்தது. ஆனால் 65 வயது தாண்டிய 4,532 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஓமோன் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2003இல் வந்தபோது கதை மாறியது. ஆண்டுக்கு, மருந்தில்லாத வெறுங்குளிசை எடுத்தவர்களில் 10,000 பேருக்கு 22 பேருக்கும், ஓமோன் எடுத்தவர்களில் 10,000 பேருக்கு 45 பேருக்கும் அறிவுத்தளர்ச்சி நோய் வந்தது. மாதவிடாய் நிற்கும் வயதில் உடற்கொதிப்புக்கு வைத்தியர் எழுதிக்கொடுப்பது வேறு விடயம்.

உங்கள் விடயத்தில் முதலில் பார்க்கவேண்டிய ஓமோன், கழுத்துச் சுரப்பியில் சுரக்கும் தைரொயிட். அது குறைந்தாலும் மறதி வரும், குளிசையால் சரிசெய்யலாம். கிளினிக்கில் டி.எஸ்.எச். (தைரொயிட் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), விற்றமின் பி12, சீனி, பிரஷர் நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சீனி வருத்தத்துக்குப் பல வருடம் மெற்போமின் போடுபவர்களுக்கு பி12 குறையக்கூடும்.

தைரொயிட் குறைவுக்கான தைரொக்சின் குளிசையை எழுதித் தந்தால், விடிய வெறுவயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, தேத்தண்ணிக்கு அரை மணியாவது பொறுங்கள். பலர் பால்தேத்தண்ணியோடு போட்டுவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்கிறார்கள். மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாததே காரணம். கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். 6 முதல் 8 கிழமையில் திரும்ப இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தெரிந்த ஒழுங்கையிலேயே வழி தடுமாறினால், கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: விற்றமின் ஈ குளிசை எடுத்தால் ஞாபகம் காக்கப்படுமா? – வாசகர், முல்லைத்தீவு

பதில்: மறதி வராமல் அது தடுப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குளிசை போடுபவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. முருங்கையிலையிலும் நிலக்கடலையிலும் அந்த விற்றமின் இருக்கிறது. உங்கள் கரையில் இறங்கும் சூடை மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அதுவே ஒட்சியேறிக் கெட்டுவிடும்.