வாசகர் கேள்வி பதில்: மாற்றுச் சான்றிதழ் தீர்வாகுமா?

கேள்வி: நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஆண்டுதோறும் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம், பேரணி நடத்துகிறோம், காவல் துறையினரை அழைத்துப் பேசவைக்கிறோம். ஆனாலும் சென்ற வாரம் பத்தாம் வகுப்பு மாணவர்கள் மூவரிடம் கூல் லிப் பொட்டலங்கள் பிடிபட்டன. மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடச் சொல்லிப் பெற்றோர் சிலர் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– தலைமையாசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைக்குப் பொட்டலம் விற்கும் கடை அடைபடுவதில்லை. அவனைக் கவனிக்கும் கண்கள்தான் குறைகின்றன.

அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். தேயிலைப் பையைச் சிறிதாக்கியதுபோல இருக்கும். புதினா வாசம் வரும். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் புகையும் இல்லை, துப்ப வேண்டிய தேவையும் இல்லை என்பதால், பாடத்தைக் கவனிப்பவன் போலவே ஒரு மாணவன் அமர்ந்திருக்க முடியும். உள்ளே இருப்பது புகையிலை. நிகோட்டினுக்குப் பழகிவிட்ட பதினைந்து வயதுப் பிள்ளை, உறுதிமொழியை மனதார எடுத்துக்கொண்டாலும் இடைவேளைக்குள் தடுமாறிவிடுவான். அது திமிர் அல்ல, உடல் கேட்கிறது.

பேரணியும் உரையும் போதாமல் போனது உங்கள் பள்ளியின் குறையன்று. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1983-ஆம் ஆண்டு தொடங்கிய ‘டேர்’ என்னும் திட்டத்தில் காவலர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தினார்கள். நாடு முழுவதும் பரவிய அந்தத் திட்டத்தை ஆய்வாளர்கள் பலமுறை அளந்து பார்த்தபோது, பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேளாத பிள்ளைகளுக்கும் இடையே போதைப் பழக்கத்தில் நிலைத்த வேறுபாடு எதையும் காணவில்லை. அச்சமூட்டும் படங்களும், மீண்டு வந்தவர்களின் அனுபவ உரைகளும் தனியாக நின்று பலன் தருவதில்லை என்பதை ஐக்கிய நாடுகள் அமைப்பின் தடுப்பு வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன.

பலன் கண்ட ஒரு முயற்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. பீகார் மாநிலத்தின் நாலந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்னும் திட்டம் சோதித்துப் பார்க்கப்பட்டது. மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் பள்ளியிலேயே இருந்தார். காலைக் கூட்டத்தில் பேசினார், சுவரிதழ் நடத்தினார், மனக்குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார், தேடி வந்த மாணவரோடு தனியே அமர்ந்து பேசினார். 2018-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான முடிவுகளின்படி, அந்தப் பள்ளிகளில் மனச்சோர்வும் கேலிவதையும் வன்முறையும் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டது. அதே பணியை ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆசிரியர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பாடமும் பதிவேடும் தேர்வும் சுமக்கும் ஒருவரிடம், மதிப்பெண் போடுகிறவரும் அவரே என்னும்போது, மாணவன் மனம் திறப்பது கடினம் என்றே நான் கருதுகிறேன்.

ஆலோசகர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தாமாகவே நெருங்கும் ஆசிரியர் ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார். அவருக்கு வாரத்தில் சில பாடவேளைகளையாவது விடுவித்துக் கொடுங்கள். மூவரையும் சேர்த்து நிறுத்தி விசாரிக்காமல் தனித்தனியே பேசச் சொல்லுங்கள். காலையில் முதல் பொட்டலம் எத்தனை மணிக்கு, அது இல்லாத நாளில் உடம்பு என்ன செய்கிறது, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டாலே பழக்கத்தின் ஆழம் புரிந்துவிடும். ஈறில் வெள்ளைத் தடிப்போ புண்ணோ இருந்தால் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கண்டிப்பைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சிறாருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இடமிருக்கிறது. பிள்ளையின் பெயரைச் சொல்லாமலே நீங்கள் புகார் எழுதலாம்.

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகன் சில மாதங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. ஆலோசனைக்கு அழைத்துப் போகும்படி வகுப்பாசிரியை சொல்கிறார். ‘பைத்தியம்’ என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.
– ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் காய்ச்சல் மாதக்கணக்கில் நீடித்திருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பார்த்திருக்க மாட்டீர்கள். சிகிச்சை விவரங்களை மருத்துவர் வெளியிடக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. உடனே நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால், தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணை இன்றே அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ‘சாக வேண்டும் போல் இருக்கிறதா’ என்று மகனிடம் நேராகக் கேட்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்று சொன்னால், அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.