சைக்கிளில் விழுந்து சிராய்த்த காயத்தில் தண்ணீர் படலாமா? எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

தாராளமாகப் படலாம், படத்தான் வேண்டும். 8 வயதுப் பையனுக்குத் தார் ரோட்டில் முழங்கால் தேய்ந்துவிட்டது, "தண்ணி பட்டா சீழ் பிடிக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் காப்பித்தூளை அப்பிவிட்டார்கள், இன்று ஓரத்தில் மஞ்சளாகக் கசிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். இந்தக் காப்பித்தூளை அடிக்கடி பார்க்கிறேன். ரத்தத்தோடு சேர்ந்து கறுப்பு ஓடாகக் காய்ந்திருக்கும். ஈரத்துணி போட்டு ஊறவைத்து மெல்ல எடுத்தால், அடியில் ரோட்டு மணல் விழுந்தபோது இருந்த மாதிரியே இருக்கும். சீழ் பிடிக்க வைப்பது அந்த அழுக்குதான். நீங்களும் அப்படியே ஊறவைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள்.

அப்புறம் உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவன் காலைக் குழாயடியில் நீட்டச் சொல்லி 5 நிமிடமாவது தண்ணீர் ஓடவிடுங்கள். காயத்தைச் சுற்றி சோப்புப் போடலாம். எரியும், அழுவான், பக்கத்தில் யாராவது பிடித்துக்கொள்ளட்டும். இந்த 5 நிமிடத்தில் மட்டும் இரக்கம் பார்க்காதீர்கள். மணல் உள்ளே தங்கித் தோல் மூடிக்கொண்டால் பச்சை குத்தியதுபோலக் கருநீலப் புள்ளிகள் நிரந்தரமாக நின்றுவிடும். கழுவியும் வராத மணலை டாக்டர் மரத்துப்போக மருந்து போட்டு எடுத்துவிடுவார். டெட்டாலை அப்படியே ஊற்றுவது, ஸ்பிரிட் தடவுவது எல்லாம் வேண்டாம், வளர வேண்டிய தோலையும் சேர்த்துக் கெடுக்கும்.

"திறந்து போடு, காத்தாடக் காயட்டும்" என்பதும் சரியில்லை. ஈரப்பதத்தோடு மூடிவைத்த காயத்தில் தோல் சுமார் இரண்டு மடங்கு வேகமாக மூடுகிறது என்று ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1962-லேயே பன்றிகளிடம் சோதித்துக் காட்டிவிட்டார். வாஸலின் மெல்லிசாகத் தடவி, ஒட்டாத கட்டுத்துணி போட்டு, தினமும் மாற்றினால் போதும். ஒட்டிக்கொண்டால் தண்ணீர் விட்டு எடுங்கள்.

அந்த மஞ்சள் கசிவு தெளிவாக, வாடையில்லாமல் இருந்தால் அது ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர், ஆறுகிற காயத்தில் வருவதுதான். கெட்டியாக, கலங்கலாக, நாற்றத்தோடு வந்தால் சீழ். அப்போது டாக்டரிடம் போய்விடுங்கள். இரண்டு நாள் கழித்தும் வலி கூடிக்கொண்டே போவது, சிவப்பு சுற்றிலும் பரவுவது, காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுவது இவற்றுக்கும் அப்படித்தான். 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, முழங்காலை மடக்க முடியவில்லை, தலையிலும் அடிபட்டு வாந்தி எடுக்கிறான் என்றால் காத்திருக்கவே வேண்டாம். சர்க்கரை உள்ள பெரியவர்களுக்குக் காலில் சிராய்த்தால் சின்னதாக இருந்தாலும் அன்றே காட்டிவிட வேண்டும்.

டெட்டனஸ் ஊசி ஒவ்வொரு அடிக்கும் தேவையில்லை. வரிசையாகத் தடுப்பூசி போட்டு வந்தவர்களுக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால் 10 வருடத்துக்கு ஒருமுறை, மண்ணோ சாணமோ பட்ட காயம் என்றால் கடைசி ஊசிக்கு 5 வருடம் ஆகியிருந்தால் போடுவார்கள். உங்கள் பையனுக்கு 5 வயது பூஸ்டர் வரை எல்லாம் போட்டிருந்தால் இப்போது வேண்டியிருக்காது. அட்டையை எடுத்துப் பாருங்கள், விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிடலாம்.

இன்னொன்றையும் அவனிடம் கேளுங்கள்: நாய் துரத்தியதால் விழுந்தானா? நகமோ பல்லோ பட்டு லேசாகச் சிராய்த்திருந்தால்கூட, ரத்தம் வராவிட்டாலும், சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வெறிநாய்க்கடி ஊசியை ஆரம்பித்துவிடுங்கள். அந்த நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். திட்டுக்குப் பயந்து பிள்ளைகள் இதை மறைப்பார்கள், அதனால் கோபப்படாமல் கேளுங்கள்.