பழைய வில்லுக்குப் புது வார்னிஷ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் கராஜ் சேலிலும் இணைய ஏலத்திலும் சிக்கும் பழைய ரிகர்வ் (முனைகள் எய்பவருக்கு எதிர்ப்பக்கம் வளைந்த) வேட்டை வில்கள் பற்றி வந்த கடிதங்கள் இவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கே: 'பேர் ஆர்ச்சரி' (Bear Archery) நிறுவனத்தின் 'கோடியாக்' மாடல் வில். லிம்பில் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) 1953 என்று அச்சிட்டிருக்கிறது. அந்த வருடத்து வில் என்று சொல்லி விற்பவர் 400 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

ப: 1953 காப்புரிமை வாங்கிய வருடம். பிறகு பல வருடங்கள் செய்த வில்களிலும் அதே எண்ணைப் போட்டார்கள். பிடியில் பதித்த வட்ட முத்திரையை விரலால் தடவிப் பாருங்கள். மரத்தோடு மட்டமாக, உலோகமாக இருந்தால் 1972 வரையிலான வில். மேலே புடைத்திருந்தால் அதற்குப் பிந்தியது. தொழிற்சாலை 1978இல் மிச்சிகனின் கிரேலிங்கிலிருந்து ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்குப் போனது. அதனால் வில்லில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரையும் பாருங்கள். விலையை அதன் பிறகு பேசலாம்.

கே: 'முழுவதும் புதுப்பித்தது, விரிசல் இல்லை' என்ற விளம்பரத்தை நம்பி ஈபேயில் வாங்கினேன். வில் கண்ணாடி மாதிரி மின்னியது. நான்காவது நாள் நாண் ஏற்றியபோது மேல் லிம்பில் வார்னிஷுக்கு அடியில் குறுக்காக ஒரு கோடு தெரிந்தது. விற்றவர் 'ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்.

ப: முதலில் நாணை இறக்குங்கள். அந்த வில்லை இனி ஒருமுறைகூட இழுக்காதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விரிசல் தெரியும்படி படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள். 'ரிட்டர்ன் கிடையாது' என்று போட்டிருந்தாலும், பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால் ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதம் செல்லும். பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் புகார் போட வேண்டும். தப்பு உங்கள் மேல் இல்லை, தயங்காமல் கேளுங்கள்.

இந்த 'புதுப்பித்தது' என்ற வார்த்தையைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பளபளப்புக்கு மயங்கி வாங்கிய இரண்டு வில்கள் என் கொட்டகைச் சுவரில் தொங்குகின்றன, படம் மாதிரி மாட்டத்தான் லாயக்கு. ரிகர்வ் வில்லின் உயிர் லிம்பில் இருக்கிறது: நடுவில் மெல்லிய மரத் தகடுகள், இரு பக்கமும் ஃபைபர்கிளாஸ், இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பசை. வார்னிஷ் ஈரத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். பசை விட்டுப்போன ஓரத்தை அது மூடி மறைக்குமே தவிர ஒட்டாது. தூசி படிந்த, வார்னிஷ் உரிந்த வில்லில் குறை வெளியே தெரியும். ஆகவே அழுக்கு வில்லையே வாங்குங்கள். விற்பவரிடம் நாண் இறக்கிய நிலையில் லிம்பின் நான்கு ஓரங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேரில் என்றால் ஒரு பஞ்சு உருண்டையை ஓரம் முழுக்க இழுத்துப் பாருங்கள், பஞ்சு இழை சிக்கினால் அங்கே சிலாம்பு எழும்பியிருக்கிறது. நீளவாக்கில் மெல்லிய கோடுகள் பழைய வில்களில் சகஜம், பெரும்பாலும் பயமில்லை. குறுக்குக் கோடு இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

கே: வார்னிஷை எடுக்க பெயிண்ட் ரிமூவர் பூசினேன். இப்போது லிம்ப் பிசுபிசுவென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

ப: டப்பாவில் எழுதியிருப்பதைப் பூசும் முன் படித்திருக்கலாம். ரிமூவர் வார்னிஷோடு ஃபைபர்கிளாஸின் ரெசினையும் பசையையும் தின்றுவிட்டது. சுவரில் மாட்டுங்கள்.

கே: அப்படியானால் சரியான முறை என்ன? லிம்ப் நன்றாக இருக்கிறது, வார்னிஷ் மட்டும் மஞ்சளாகி உரிகிறது.

ப: முதலில் மினரல் ஸ்பிரிட் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மென்மையான கரைப்பான்) தொட்டுத் துடையுங்கள். பாதி வில்கள் அதிலேயே தெளிந்துவிடும். 0000 ஸ்டீல் வூலால் (மிக நைசான இரும்புப் பஞ்சு) லேசாகத் தேய்த்து மெழுகு போட்டால் வேலை முடிந்தது.

உரித்தே ஆக வேண்டும் என்றால், பிடியில் பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள். லிம்பில் பிளேடு வேண்டாம். 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். வார்னிஷ் போய் மேற்பரப்பு ஒரே சீராக மங்கியதும் நிறுத்துங்கள். கண்ணாடி இழை வெளியே தெரிந்தால் அளவு மீறிவிட்டீர்கள், இழுவிசையும் குறையும். ஈரத்தில் தேய்த்தாலும் முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஹீட் கன் பக்கமே போகாதீர்கள், சூட்டில் பசை இளகும்.

மாடல் பெயர், நீளம், பவுண்டு (இழுவிசை) எழுதிய இடத்தைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டுவிடுங்கள். அந்த எழுத்து அழிந்தால் வில்லின் விலையில் நல்ல பங்கும் போய்விடும். அசிட்டோன் பட்டாலும் எழுத்து போகும்.

பிடி ரோஸ்வுட் மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரமாக இருந்தால், முதல் பூச்சுக்கு முன் எழுத்தில்லாத மரத்தை மட்டும் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் பூச்சு காயாது. பிடிக்கு ட்ரூ ஆயில் (துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெய்), விரல் நுனியால் மெல்லிசாக, ஆறு கோட். ஒவ்வொன்றும் ஒரு நாள் காயட்டும், நடுவில் ஸ்டீல் வூல். லிம்புக்குத் துணியில் தொட்டுப் பூசும் சாட்டின் பாலியூரித்தேன், மூன்று கோட். வேட்டை வில் மின்னக் கூடாது, வெயில் பட்டுத் தெறித்தால் மான் பார்த்துவிடும். ட்ரூ ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அதில் லின்சீட் எண்ணெய் இருக்கிறது, தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

இரண்டு வாரம் பொறுத்துப் பிடியில் தோல் பட்டையை ஒட்டுங்கள். பிறகு நாண் ஏற்றி ஓர் இரவு விட்டு, மறுநாள் சில அங்குலம் சில அங்குலமாக இழுத்துப் பாருங்கள். அம்பு இல்லாமல் முழுக்க இழுத்து விட்டுவிடாதீர்கள், லிம்ப் உடையும்.

கே: 60 அங்குல வில், 45 பவுண்டு. கடைக்காரர் ஃபாஸ்ட் ஃப்ளைட் (அதிகம் நீளாத, விறைப்பான இழை) நாண்தான் நல்லது என்கிறார்.

ப: அவருக்கு நல்லது. உங்கள் வில்லின் முனைகள் அந்த விறைப்பைத் தாங்கும்படி வலுவூட்டப்படாதவை. டேக்ரான் பி-50 (சற்று நீண்டு கொடுக்கும் இழை), 14 இழை வாங்குங்கள். உறையில் 'ஏஎம்ஓ 60' என்று இருக்க வேண்டும், அது வில்லின் நீளத்தை வைத்து நாணைக் குறிக்கும் அளவு. நாணையே அளந்து கேட்டால் 56 அங்குலம்.

கே: கீழ் லிம்ப் லேசாகத் திருகியிருக்கிறது. நேராக்க முடியுமா?

ப: லேசான திருகல் என்றால் முடியும். நாணை இறக்கி, கை பொறுக்கும் அளவு சூடான குழாய்த் தண்ணீரை லிம்பின் மேல் ஓட விட்டு, எதிர்த்திசையில் சற்று அதிகமாகவே திருகிப் பிடியுங்கள். ஆறும்வரை விடாதீர்கள். நாண் ஏற்றிப் பாருங்கள், நாண் லிம்பின் நடுவில் ஓட வேண்டும். ஒரே தடவையில் சரியாகாது. வில்லை மூலையில் சாய்த்து வைத்ததாலோ, காலுக்கு இடையில் வளைத்து நாண் ஏற்றியதாலோ வந்த வினை இது. இனி ஸ்ட்ரிங்கர் (நாண் ஏற்ற உதவும் கயிறு) இல்லாமல் நாண் ஏற்ற வேண்டாம்.

கே: பிடியில் பழைய சொந்தக்காரர் சைட் (குறிபார்க்கும் கருவி) மாட்ட இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார்.

ப: எய்யலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஓட்டை லிம்பில் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கே: வில் பழக ஆசை. 55 பவுண்டு வில் 60 டாலருக்கு வருகிறது.

ப: வேண்டாம். 30, 35இல் தொடங்குங்கள்.

கே: விற்பவர் அனுப்பிய படத்தில் நாண் ஏற்றியிருக்கிறது. ஆனால் முனைகளின் வளைவு எய்பவரைப் பார்த்து இருக்கிறது. இது தனி மாடலா?

ப: தலைகீழாக நாண் ஏற்றியிருக்கிறார். அந்த லிம்ப் எத்தனை நாள் அப்படி இருந்ததோ, யாருக்குத் தெரியும்? வாங்காதீர்கள்.