ரீச்சரிடம் கேளுங்கள்: குறி ஏன் மாறுகிறது?

கேள்வி: என் மகள் தரம் 9 படிக்கிறாள். கணக்குக் கொப்பியை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். 5ப − 7 = 3ப + 9 என்ற சமன்பாட்டுக்கு 2ப = 2, ப = 1 என்று எழுதியதால் புள்ளி கிடைக்கவில்லை. ‘மற்றப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று பாடமாக்கி வைத்திருக்கிறாள். ஆனால் எதை மாற்றுவது, எதை விடுவது என்று தடுமாறுகிறாள். நான் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டேன். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– ஒரு தாய், திருக்கோவில்

பதில்: தங்கச்சி, பிள்ளையில் குறை இல்லை. அவள் பாடமாக்கிய அந்த வசனத்தில்தான் குறை. சமன்பாட்டில் எதுவும் எங்கேயும் ‘போவதில்லை’. நானும் எட்டாம் வகுப்பில் இதே வசனத்தைத்தான் பாடமாக்கினேன். குறி ஏன் மாறுகிறது என்று கேட்டதற்கு, “சொன்னதைச் செய்” என்பதுதான் பதிலாக வந்தது. அன்று முழுக்க மனம் ஆறவில்லை.

விளங்கியது வகுப்பில் அல்ல, பெரியகல்லாற்றில் அப்பாவின் சில்லறைக் கடையில். அங்கே இரண்டு தட்டுத் தராசு ஒன்று தொங்கும். ஒருநாள் பின்னேரம் அப்பா ஒரு தட்டில் ஒரே அளவான மூன்று பருப்புச் சரைகளையும் 100 கிராம் படியையும் வைத்தார். மற்றத் தட்டில் அதே சரை ஒன்று, 500 கிராம் படி. முள் நேராக நின்றது. “ஒரு சரை எவ்வளவு, சொல்லு பார்ப்பம்” என்றார். நான் விழித்தேன். அவர் இரண்டு தட்டிலும் இருந்து ஒவ்வொரு சரையை எடுத்தார். முள் அசையவில்லை. பிறகு 100 கிராம் படியை எடுத்துவிட்டு, மற்றத் தட்டில் 500ஐ எடுத்து 400க்குப் படி வைத்தார். அப்போதும் முள் நேர்தான். இரண்டு சரை 400 என்றால் ஒன்று 200. இதற்கு மேல் அட்சரகணிதத்தில் பெரிய இரகசியம் இல்லை. இந்தப் பக்கம் செய்ததை அந்தப் பக்கமும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது மகளின் கணக்கு. ஒரு பக்கத்தில் 7 குறைந்து கிடக்கிறது. அந்தக் குறையை நிரப்ப 7 கூட்டுங்கள், மற்றப் பக்கத்துக்கும் 7 கூட்டுங்கள். 5ப = 3ப + 16. இரண்டு பக்கமும் 3ப கழியுங்கள். 2ப = 16. இரண்டையும் 2ஆல் வகுத்தால் ப = 8. மகள் 9இலிருந்து 7ஐக் கழித்திருக்கிறாள். குறையை நிரப்புகிறோம் என்று தெரிந்திருந்தால் அந்தக் கை தானாகவே கூட்டலுக்குப் போயிருக்கும்.

இந்த ‘குறையை நிரப்புதல்’ நான் கட்டிய கதை அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி என்ற அறிஞர், கழித்துக் கிடக்கும் உறுப்பை இரு பக்கமும் கூட்டிச் சரிசெய்வதை ‘அல் ஜப்ர்’ என்றார். உடைந்ததைப் பொருத்துவது, குறையை நிறைவாக்குவது என்பது அதன் கருத்து. முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் அதே சொல்தான். அட்சரகணிதத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள அல்ஜிப்ரா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. குறியை மாற்று என்று ஆரம்பிக்காமல் குறையை நிரப்பு என்று ஆரம்பித்தால் எத்தனை பிள்ளைகளின் கண்ணீர் மிச்சமாகும்!

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குக் கணக்குத் தெரியத் தேவையில்லை. விடை வந்ததும் “அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தியா?” என்று கேளுங்கள். 8ஐப் போட்டால் இடப்பக்கம் 40 − 7 = 33, வலப்பக்கம் 24 + 9 = 33. 1ஐப் போட்டால் ஒரு பக்கம் −2, மற்றப் பக்கம் 12. தட்டு சரிந்துவிட்டது என்று பிள்ளைக்கே தெரியும்.

கேள்வி: செங்கோண முக்கோணி ஒன்றின் செம்பக்கம் 10 செ.மீ., ஒரு பக்கம் 6 செ.மீ. மற்றப் பக்கம் என்ன? 36 + 100 = 136, அதன் வர்க்கமூலம் என்று எழுதினேன். பிழை போட்டுவிட்டார்கள். பைதகரஸ் தேற்றப்படி வர்க்கங்களைக் கூட்டத்தானே வேண்டும்? எங்கள் வாப்பா மேசன் வேலை செய்கிறார், அவருக்கும் தெரியவில்லை.
– தரம் 10 மாணவன், சம்மாந்துறை

பதில்: தம்பி, வாப்பாவுக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் கேட்ட விதத்தில்தான் தெரியாமல் போயிருக்கும். அத்திவாரம் வெட்ட மூலை எடுக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். மூலைக் கட்டையிலிருந்து ஒரு கயிற்றில் 6 அடியும் மற்றக் கயிற்றில் 8 அடியும் அளந்து அடையாளம் வைப்பார்கள். அந்த இரண்டு அடையாளத்துக்கும் குறுக்கே டேப் பிடித்தால் சரியாக 10 அடி வர வேண்டும். 10 அடி 2 அங்குலம் வந்தால் மூலை விரிந்திருக்கிறது, கயிற்றை உள்ளே நகர்த்துவார்கள். அது உங்கள் கணக்கேதான், அடிக்குப் பதில் சென்ரிமீற்றர்.

கூட்ட வேண்டியது மூலையைச் சேர்ந்த இரண்டு பக்கங்களின் வர்க்கங்களை. குறுக்கே போகும் செம்பக்கம் ஏற்கெனவே கூட்டி வந்த விடை. அது தரப்பட்டிருந்தால் கழிக்க வேண்டும். 100 − 36 = 64, ஆகவே 8 செ.மீ.

பேனையை எடுக்க முன்னமே படத்தைக் கீறி, செங்கோணத்துக்கு எதிரே இருப்பதில் 10 என்று எழுதுங்கள். 136இன் வர்க்கமூலம் 11க்கும் 12க்கும் இடையில் வரும். செம்பக்கத்தைவிட நீளமான பக்கம் செங்கோண முக்கோணியில் இருக்கவே முடியாது. படம் கீறியிருந்தால் அதிலேயே பிடிபட்டிருக்கும்.

கேள்வி: (ப + 3)² என்பது ப² + 9 என்று எழுதினால் ஏன் பிழை?
– தரம் 9 மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: மகள், சதுரமான ஒரு வளவை நினைத்துக்கொள்ளுங்கள், பக்கம் ப மீற்றர். கிழக்கே 3 மீற்றரும் தெற்கே 3 மீற்றரும் சேர்த்து வாங்கி, மறுபடி சதுரமாகவே வேலி அடைக்கிறீர்கள். பழைய வளவு ப². கிழக்கே நீளமான ஒரு துண்டு, 3ப. தெற்கேயும் அப்படியே ஒன்று, 3ப. தென்கிழக்கு மூலையில் சின்னச் சதுரம், 9. எல்லாம் சேர்ந்து ப² + 6ப + 9. நீங்கள் பழைய வளவையும் மூலைத் துண்டையும் மட்டும் எழுதிவிட்டு, காசு கொடுத்து வாங்கிய இரண்டு நீளத் துண்டுகளையும் விட்டுவிட்டீர்கள். ப = 10 என்று போட்டுப் பாருங்கள். 13 × 13 = 169. உங்கள் விடையில் 109தான் வரும். குறைகிற 60உம் அந்த இரண்டு துண்டுகள்தான். கொப்பியில் ஒரு தடவை கட்டம் கீறி, நான்கு துண்டுக்கும் நான்கு நிறம் தீட்டுங்கள்.

அடுத்த முறை எழுதுகிற பிள்ளைகள் விடையை மட்டும் அனுப்பாமல், வெட்டிக் கொத்திய பக்கத்தையும் அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வரியில் வழி தவறியது என்று பார்த்துச் சொல்ல எனக்கு அதுதான் தேவை.