பழைய ஓவர்டன் லோ டி விசில்: வாங்கலாமா?

நீங்கள் வாங்க நினைக்கும் பழைய ஓவர்டன் லோ டி விசிலில் (டி சுருதியில் ஒலிக்கும் நீளமான அலுமினிய ஊதுகுழல்) மேல் ஸ்தாயி கரகரக்கிறது, "சுத்தம் செய்தால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மையாக இருக்கலாம். ஓவர்டனின் காற்றுப் பாதை, அதாவது வாய்ப்பகுதியில் மூச்சு நுழையும் இடுக்கு, மிகக் குறுகல். குளிர்ந்த அலுமினியத்தில் மூச்சின் ஈரம் துளியாகத் தேங்கினால் சுரம் உடையும். சில நிமிடம் வாசித்துச் சூடாக்கி, காற்றுப் பாதையில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரை ஓடவிட்டாலே போதும். அதை விற்பவரே செய்து, பிறகு வாசித்து ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் கரகரத்தால் காற்றைப் பிளக்கும் விளிம்பில்தான் சந்தேகம். நகக்கீறல் அளவு நசுங்கல் இருந்தாலும் நாதம் கெடும். அரம் போட்டுச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதோடு குழல் போயிற்று. வாய்ப்பகுதியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்துக் கேளுங்கள்.

பதிவில் பாட்டு வேண்டாம். அடி டி (D) சுரத்தை நான்கு விநாடி நிறுத்தி, அப்படியே மேல் டிக்குத் தாவி, பிறகு மேல் ஏ (A), பி (B) சுரங்கள். சுருதி பார்க்கும் டியூனர் ஏ = 440 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். சுருதிக் குழாய் (சுருதியை மாற்ற இழுத்துத் தள்ளும் இணைப்பு) உள்ள மாடலில் அதை முழுக்க உள்ளே தள்ளியும் சுருதி இறங்கியே இருந்தால் விட்டுவிடுங்கள், மேலே ஏற்ற இடமே இல்லை. குழாய் இறுகியிருப்பது மட்டும் குறையென்றால் பயமில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

குழலைச் செய்தவர் இதை உருவாக்கிய பெர்னார்ட் ஓவர்டனா, பின்னால் அதே பெயரில் செய்த காலின் கோல்டியா என்றும் கேளுங்கள். விலை அதைப் பொறுத்தது.