புது வீட்டில் சுவர் டிவி சாக்கெட்டில் செருகினால் படம் வரவில்லை, ஏன்?

நான்கு அறையிலும் சுவரில் டிவி சாக்கெட் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், எதில் செருகினாலும் சிக்னல் இல்லை என்றே வருகிறது, எலக்ட்ரீஷியன் கேபிள்காரரைக் கைகாட்டுகிறார், கேபிள்காரர் எலக்ட்ரீஷியனைக் கைகாட்டுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். குடிபோய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, பெயின்ட் வாசம் போகாத சுவரை உடைக்க மனசு வராமல்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் இதே இடத்தில் நின்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பதில். கரண்ட் பிளக் பாயிண்டின் ஒயர் நேராக மெயின் போர்டுக்குப் போய்விடும், மீட்டர் வைத்ததும் உயிர் வந்துவிடும். டிவி சாக்கெட்டுக்கு அப்படி ஒரு மெயின் கிடையாது. பின்னால் இருக்கும் கேபிளின் மறுமுனையை யாராவது டிஷ்ஷிலோ கேபிள்காரரின் ஒயரிலோ கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு. அந்த முனை மொட்டை மாடியில் பைப் வாயில், பரண் மேல், மாடிப்படிக்கு அடியில் என்று எங்காவது சுருட்டிக் கிடக்கும். அதைத் தேடுங்கள். சில வீடுகளில் பைப்புக்குள் கேபிளே இழுக்காமல் வெறும் சாக்கெட்டை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மதுரை செல்லூரில் முப்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டினோம். செல்லூரில் இருந்தவரை அப்பா ஒரு வருஷம்கூட விட்டதில்லை, சித்ரா பௌர்ணமிக்கு விடியுமுன்னே குளித்துவிட்டு நடந்தே ஆற்றுக்குப் போய்விடுவார், அழகர் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து காபி. புது வீட்டில் சித்திரையில் பால் காய்ச்சினோம், ஆனால் அதற்கு முன்பே அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது, நடக்க முடியாது. டிவியில் நேரலை போடுவார்களே, அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். மறக்காமல் முந்தின நாளே டிவியைச் சுவரில் மாட்டி, செட்டாப் பாக்ஸை வைத்து, சாக்கெட்டில் செருகினேன். சிக்னல் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு எந்த எலக்ட்ரீஷியன் போனை எடுப்பார்? விடிகாலையில் அப்பா வேட்டி மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார். கடைசியில் தங்கச்சியின் போனைக் கையில் கொடுத்தோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, அவ்வளவு கூட்டத்தில் தங்கக் குதிரை எங்கே இருக்கிறது என்று தேடினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் கேபிள்காரப் பையன் வந்து ஜன்னல் வழியாக நேராக ஒரு ஒயரை இழுத்து டிவிக்குக் கொடுத்துவிட்டான். படம் வந்தது, ஜன்னல் மூடவில்லை. இரண்டு வருஷம் அந்தச் சந்து வழியாகக் கொசு.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹால் சாக்கெட்டின் மூடியை நானே கழற்றினேன். உள்ளே ஒன்றுக்கு இரண்டு கேபிள். மாடியிலிருந்து வருவது ஒன்று, படுக்கையறைக்குப் போவது ஒன்று. இரண்டின் நடுச் செம்புக் கம்பியையும் சேர்த்து முறுக்கி ஒரே திருகில் இறுக்கியிருந்தார்கள், லைட்டுக்கு ஒயரைச் சேர்ப்பது மாதிரி. மேலே சுற்றியிருக்கும் வலைக்கம்பியில் முடி மாதிரி ஒரு இழை அந்தத் திருகைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு இழை போதும், முழு ஷார்ட். அதைக் கத்தரித்ததும் ஹாலில் படம் வந்தது. இரண்டு வருஷம் ஒரு இழைக்காக!

ஆனால் படுக்கையறையில் புள்ளி புள்ளியாக உடைந்துதான் வந்தது. டிவி கேபிளை அப்படி முறுக்கிச் சேர்க்கக் கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்தக் கேபிளெல்லாம் 75 ஓம் கணக்கில் செய்தவை, இரண்டை ஒன்றாகக் கட்டினால் அந்தக் கணக்கு பாதியாகி, சிக்னல் அந்த இடத்தில் மோதித் திரும்பும். பிரிப்பதற்கென்றே ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. அதிலும் இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் சிக்னல் சுமார் 3.5 டெசிபல், அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேலேயே, குறையும், நான்காகப் பிரித்தால் 7க்கு மேல் போய்விடும். கேபிள்காரர் சிக்னல் ஏற்கெனவே தெருக்கோடியில் சோர்ந்து வருகிறதென்றால் நான்கு அறை தாங்காது.

உங்கள் வீட்டில் கேபிளா டிஷ்ஷா என்று நீங்கள் சொல்லவில்லை. அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. டிஷ் என்றால் செட்டாப் பாக்ஸிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் மேலே போய், டிஷ் முனையில் சிக்னலைப் பிடித்துக் கீழே அனுப்பும் எல்.என்.பி. என்கிற சின்னக் கருவியை இயக்க வேண்டும், அங்கிருந்து 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் கீழே வரும். 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்த கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரை நடுவில் போட்டால் ஒப்பேறாது. சில சுவர் சாக்கெட்டுகளே உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரால் அந்த வோல்ட்டைத் தடுத்துவிடும். அதனால் டிஷ்ஷுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் எல்.என்.பி.யிலிருந்து தனித்தனி கேபிள், நடுவில் ஜாயிண்ட்டே இல்லாமல். கேபிளின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள். ஆர்ஜி 6 என்றால் நல்லது, ஆர்ஜி 59 என்றால் அதைவிட மெல்லியது, டிஷ் சிக்னலுக்கு நீள ஓட்டத்தில் இழப்பு அதிகம்.

எந்த முனை எந்த அறைக்கு என்று கண்டுபிடிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும், இரண்டு முனை சேர்ந்தால் சத்தம் போடும் நிலையில் அதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி, டிஷ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். மாடி முனையில் நடுக்கம்பியும் வலைக்கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போதே மீட்டர் சத்தம் போட்டால் எங்கேயோ ஷார்ட். சத்தம் இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பாருங்கள், சத்தம் வரும் அறைதான் அந்தக் கேபிள்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். எலக்ட்ரீஷியன்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எங்கள் வீட்டு கரண்ட் வேலையில் இன்றுவரை ஒரு குறை இல்லை. டிவி கேபிள் வேறு வேலை, கடைசி நாளில் அவசரமாகச் செய்யச் சொன்னது நாம். இப்போது யார் டிவி பார்க்கிறார்கள், வைஃபை போதாதா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும், அவ்வளவுதான்.

கட்டி முடித்த பிறகு நம் கையில் இல்லாத கோளாறு வேறு இருக்கிறது. எங்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படிதான். ஐப்பசி மழைக்கு வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறோம். கடன் வாங்கிக் கட்டியவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டால் என்ன? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வீடு என்று வந்துவிட்டால் எனக்கு இது வாயில் வராமல் இருக்காது.

தங்கச்சி அழகர்கோவில் ரோட்டில் வீடு கட்டியபோது ஒயரிங்கை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு அறையிலிருந்தும் மாடிப்படிக்கு அடியில் சுவரில் வைத்த ஒரே ஒயர் பெட்டிக்குத் தனித்தனி ஆர்ஜி 6, கூடவே ஒரு நெட்வொர்க் கேபிள், கரண்ட் ஒயரோடு சேராத தனிப் பைப். அங்கிருந்து மாடிக்குக் காலியாக ஒரு அங்குலப் பைப், அதற்குள் இழுகயிறு. ஒவ்வொரு முனையிலும் அறையின் பெயர் எழுதி ஒட்டினோம், பூச்சுக்கு முன்னால் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்தோம். மாடியில் வெளியே தெரியும் கேபிளையும் பைப்புக்குள் விட்டாயிற்று, அங்கே குரங்கு தொங்கி இழுத்துவிடும். மூன்று அறையிலும் முதல் நாளே படம் வந்தது. அந்த வருஷம் அப்பாவை அங்கே கூட்டிப்போய் ஹாலில் உட்கார வைத்தோம்.

நீங்கள் இப்போது நான்கு சாக்கெட்டின் மூடியையும் கழற்றி உள்ளே ஒரு கேபிளா இரண்டா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் ஒன்று என்றால் முதலில் மறுமுனைகளைத் தேடுங்கள், சுவரைத் தொட வேண்டாம். எதிலாவது இரண்டு என்றால் எங்கள் வீட்டு வேலைதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது, இரண்டையும் பிரித்துவிட்டு மாடியிலிருந்து வருவதை மட்டும் முதலில் மாட்டிப் பாருங்கள்.