செக்கிங் கண்

அன்புள்ள அண்ணா,

எனக்கு அவினாசிக்குப் பக்கம். பெயர் போட வேண்டாம். வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங், பதினாறு வருசமாக நின்றுகொண்டே வேலை. பத்தாவது பாஸ். என் அத்தைக்கு (மாமியார்) சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இதைப் படிக்க ஆசை வந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு டிரஸ்டில் நோயாளியைக் கவனிக்கிற வகுப்பு நடத்துகிறார்கள். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும், நாலு மாசம். இன்னொரு இடத்தில் ‘ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம்’ என்று டிப்ளமோவுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். எதில் சேர? வீட்டுக்காரர் ‘இந்த வயசுல ஊரார் பீ மூத்திரம் அள்ளப் போறயா’ என்கிறார். டிரஸ்டில் கொடுத்த புத்தகத்தைப் புரட்டினால் பாதி இங்கிலீஷ், பயமாக இருக்குதுங்க. இன்னொன்று, அத்தைக்கு பிபி எப்போது பார்த்தாலும் கூடவே காட்டுகிறது. அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் வேலையாக அந்த 40,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. துணை நர்ஸ் படிப்பான ஏஎன்எம் இரண்டு வருடம், நர்சிங் டிப்ளமோவான ஜிஎன்எம் மூன்று, பிஎஸ்சி நர்சிங் நாலு. இவற்றில் ஒன்றைப் படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். ஏஎன்எம் சேரவே பிளஸ் டூ வேண்டும், வயதும் 35 தாண்டக் கூடாது. உங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் இதை உங்களிடம் மறைத்துத்தான் அந்த நோட்டீஸ்காரர் பணம் கேட்கிறார்.

டிரஸ்ட் நடத்துவது வேறு படிப்பு. நர்சுக்கு உதவியாக நின்று நோயாளியைக் கவனிக்கிற வேலைக்கானது. இதற்குப் பத்தாவது போதும். சேரும் முன் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். சான்றிதழை எந்த அமைப்பு கொடுக்கும்? எத்தனை நாள் ஆஸ்பத்திரி வார்டில் நிற்க வைப்பார்கள்? இரண்டாவதற்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். படுக்கையில் ஆளை வைத்துக்கொண்டே பெட்ஷீட் மாற்றுவதைக் கரும்பலகையில் கற்றுக்கொடுக்க முடியாது. அங்கே சரிப்படாவிட்டால், மத்திய அரசு உதவியோடு தொழில் கற்றுக்கொடுக்கிற ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் மையம் எங்கே இருக்கிறது, அங்கே இந்தப் படிப்பு உண்டா என்று விசாரியுங்கள். 1967இல் பம்பாயில் தொழிலாளர்களுக்காக ‘ஷ்ரமிக் வித்யாபீட்’ என்று ஆரம்பித்ததுதான் 2000இல் இந்தப் பெயருக்கு மாறியது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்காகவே வந்த ஏற்பாடு. 45 வயது வரை சேரலாம்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. பன்னிரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், பில் கொடுத்தார்கள். ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் அம்மாதான் ‘என்னமோ வாடை அடிக்குது’ என்றார். வேட்டியை விலக்கினால் முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் அஞ்சு ரூபாய் அகலத்துக்குத் தோல் கறுத்துக் கிடந்தது. மூன்று பேர் பட்டம் வாங்கிய வீடு அது.

அப்புறம்தான் காங்கேயம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டு, உங்களைப் போலவே நாற்பதை நெருங்கும்போது இந்த வேலைக்கு வந்தவர். வந்ததும் அவர் புண்ணைப் பார்க்கவில்லை. பெட்ஷீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போனார். “சுருக்கம் இருந்தா தோல்ல பதியுமுங்க” என்று நாலு பக்கமும் இழுத்துச் செருகினார். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் 6, 8, 10, 12 என்று எழுதி எதிரே ‘இடது, நேர், வலது’ என்று குறித்துச் சுவரில் ஒட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும்தான். புண் ஆற நாலு மாதமானது. புதிதாக ஒன்றுகூட வரவில்லை.

துடைத்துவிடும்போது அவர் அப்பாவின் முதுகை டியூப்லைட்டுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்ப்பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுப்பார். அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை, வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது, அதனால் புறங்கையை வைத்துச் சூடு தெரிகிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார். இதைத்தானே தங்கச்சி நீங்கள் பதினாறு வருசமாகத் துணியில் செய்கிறீர்கள்? நீடில் லைன், ஹோல், ஆயில் கறை, ஷேடு மாறினது என்று மற்றவர் கண்ணுக்குப் படாததையெல்லாம் பொறுக்குகிற கண் உங்களுடையது. அதை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறவருக்குப் பாதிப் படிப்பு முடிந்துவிட்டது.

பீ மூத்திரம் அள்ளினாரா? அள்ளினார். பெற்ற பிள்ளைகள் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். வந்த அன்றே என் பெரியம்மா அவரிடம் “நீங்க என்ன ஆளுக?” என்று விசாரித்து, அவருக்கென்று தனி டம்ளர் எடுத்து வைத்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. நீங்கள் போகிற வீடுகளிலும் இந்தக் கேள்வி வரலாம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் இந்த டம்ளரும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அவருக்கு ஒரு மாதம் படுக்கை என்றால் யார் அள்ளுவது என்று கேட்டுப் பாருங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

கவனிக்கிற வேலை கேவலம் என்றால் இதையும் அவரிடம் சொல்லுங்கள். பெருந்துறை மருத்துவக் கல்லூரிப் பக்கத்தைச் சானிடோரியம் என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசநோய்க்காரர்களை வைத்துப் பார்த்த இடம். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடிக்கும்வரை அந்த நோய்க்கு நேரடி மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, பக்கத்தில் இருந்து கவனிக்க ஒரு ஆள் என்பதுதான் சானிடோரியங்களில் அன்றைக்கு முக்கிய வைத்தியம்.

இங்கிலீஷுக்குப் பயமா? ஓவர்லாக், பேட்லாக், ஜிஎஸ்எம், பீஸ் ரேட், ஷிப்மென்ட் எல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்? பல்ஸ், யூரின் பேக், நெபுலைசர் எல்லாம் அப்படியே வந்துவிடும்.

சம்பள விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஏஜென்சி வழியாக, நோயாளியை அவர் வீட்டிலேயே பார்க்கிற வேலைக்குப் போனால் நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்வார். பன்னிரண்டு மணி நேரமா, ராப்பகலா என்பதை முதலிலேயே பேசுங்கள். நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் சமையல், பாத்திரம், பேரப்பிள்ளை என்று ஒவ்வொன்றாகத் தலையில் ஏறும். எது உங்கள் வேலை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்ததும் நோயாளி வீட்டுக்குப் போகாமல் ஆறு மாதமாவது ஆஸ்பத்திரி வார்டில் இருப்பது நல்லது. அங்கே தப்புச் செய்தால் திருத்தப் பக்கத்தில் நர்ஸ் இருப்பார். கம்பெனி வேலையை உடனே விட்டுவிடாதீர்கள், வகுப்பு முடியட்டும்.

வேலை கிடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த நாலு மாசம் உங்கள் வீட்டுக்கே ஆகும். அத்தை டீயில் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிக்கிறாரா? நம் பக்கம் முக்கால்வாசி சுகர்காரர்கள் அப்படித்தான். நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடிச் சரக்கே ஆனாலும் ரத்தத்தில் போய் ஏறுவது அதே சர்க்கரைதான். அது உதவுகிற சமயமும் ஒன்று உண்டு. சுகர் 70க்குக் கீழே இறங்கி, வேர்த்து, கை நடுங்கும்போது மூன்று டீஸ்பூன் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவில்லாமல் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். நீங்களும் கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கனுக்கு நிற்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர் என்றால், அதை இன்றோடு விடுங்கள்.

அத்தையின் பிபிக்கு வருகிறேன். மெஷினோடு அந்த அக்கா வாசலில் நுழையும்போது அத்தை என்ன செய்துகொண்டிருக்கிறார்? கட்டுத்தரையில் சாணி எடுத்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து, திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டச் சொல்லி, பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினால் கூடத்தான் காட்டும். ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வரட்டும். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படிய, ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். பட்டையை வெறும் கையில் கட்டி, கையை நெஞ்சு மட்டத்துக்கு ஒரு மேஜைமேல் வையுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் இப்படிப் பார்த்தும் 140க்கு 90ஐத் தாண்டியே இருந்தால் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். குறைவாகக் காட்டினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பட்டை கட்டியிருக்கிற நேரம் மட்டுமாவது அத்தை பேசாமல் இருக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
அண்ணன்